ஊர் மாறினா கணக்கும் மாறும்!

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் பக்கம் குடியிருக்கிறவனுக்கு அலாரம் தேவையில்லை. தறிச் சத்தமே எழுப்பிவிடும். அங்கே எங்கள் தெருவில் ஒரு பையன் வெளிநாடு கிளம்பினால், அது தெருவுக்கே விசேஷம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எதிர்வீட்டு அண்ணன் எம்.எஸ். படிக்க அமெரிக்கா கிளம்பினபோதும் அப்படித்தான். ஒருத்தர் பிரஷர் குக்கர் வாங்கித் தந்தார். ஒருத்தர் ஸ்வெட்டர். ஒரு அத்தை புளிக்காய்ச்சலை நாலு கவரில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாங்க. ஏகாம்பரநாதர் கோயில் விபூதி ஒரு பொட்டலம், வரதராஜப் பெருமாள் கோயில் துளசி ஒரு பொட்டலம். பெட்டி 23 கிலோவைத் தாண்டுதா என்று தூக்கித் தூக்கிப் பார்த்து எனக்கு முதுகு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

எல்லாரும் எல்லாத்தையும் கேட்டாங்க. 'எந்த பேங்க்ல கணக்கு வெச்சிருக்கே? எந்த கார்டு எடுத்துட்டுப் போறே?' என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. பக்கத்திலேயே நின்ற நானும் கேட்கவில்லை.

ஆனால் அந்த வீட்டில் பணம்தான் பெரிய விஷயம். அண்ணனின் அப்பா, நான் பெரியப்பா என்று கூப்பிடுகிறவர், நாற்பது வருஷமாகத் தறியில் உட்கார்ந்தவர். படிப்புக் கடனுக்கு வீட்டுப் பத்திரம் பேங்கில் இருக்கிறது. அங்கே அண்ணன் வீணாக்கும் ஒவ்வொரு டாலரும் இங்கே பெரியப்பாவின் கூலிக் கணக்கில்தான் வந்து விழும்.

விழுந்தது. முதல் ஆறு மாசத்தில் மூன்று அடி. ஒன்று, ஊரில் வைத்திருந்த டெபிட் கார்டையே அங்கேயும் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தேய்ப்புக்கும் தனிக் கட்டணம் போவதே நாலாவது மாசம்தான் தெரிந்தது. இரண்டு, ரீசார்ஜ் செய்யாததால் இந்திய சிம் செத்துப்போனது. ஓ.டி.பி. வரவில்லை. ஓ.டி.பி. இல்லாமல் தன் கணக்கில் இருக்கும் தன் பணத்தைத் தானே தொட முடியவில்லை. மூன்று, அங்கே கிரெடிட் கார்டுக்கு அடுத்தடுத்து மூன்று இடத்தில் அப்ளை பண்ணி, மூன்று இடத்திலும் 'ஸாரி'.

என்னைப் போல ஜி.ஆர்.இ. புத்தகமும் கையுமாக அலையும் கூட்டத்துக்கும், 'துபாய்ல வேலை, சிங்கப்பூர்ல வேலை' என்று காத்திருக்கும் டிப்ளமோ நண்பர்களுக்கும் இந்த மூன்று அடியும் வேண்டாம். அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

பானைக்குள் பேர் போகுமா?

முதலில் அந்த மூன்றாவது அடி. அண்ணனுக்குப் புரியவே இல்லை. 'நம்ம ஊர்ல ஒரு நாள் கூட நான் பாக்கி வெச்சதில்லடா. எனக்கு ஏன் இல்லேங்கிறான்?'

விடை எங்கள் மாவட்டத்திலேயே கல்லில் வெட்டியிருக்கிறது. உத்திரமேரூர் கோயில் கல்வெட்டைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். சுமார் 1,100 வருஷத்துக்கு முன், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், ஊர் சபைக்குக் குடவோலை முறையில் ஆள் எடுத்த விதிகள் அதில் இருக்கின்றன. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பேர் ஓலையில் எழுதப்படாது. அவர் மட்டுமில்லை, அவருடைய நெருங்கின சொந்தக்காரர்களுக்கும் தடை.

கிரெடிட் ஸ்கோர் என்பதும் ஏறக்குறைய இதே சமாச்சாரம்தான். கணக்கை ஒழுங்காகக் காட்டினவனா, இல்லையா? அமெரிக்காவில் 'ஃபைகோ' ஸ்கோர் 300-ல் இருந்து 850 வரை. நம்ம ஊர் 'சிபில்' 300-ல் இருந்து 900 வரை. சிக்கல் என்னவென்றால், ஒரு நாட்டு ஓலை இன்னொரு நாட்டுப் பானைக்குள் போகாது. ஒரு சில நிறுவனங்கள் இந்திய ஸ்கோரைப் பார்ப்பதுண்டு. மற்றபடி விமானம் தரையிறங்கும்போது உங்கள் நாணயம் பூஜ்யம். நீங்கள் கெட்டவர் என்று யாரும் சொல்லவில்லை. உங்களை யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

இதில் காஞ்சிபுரத்துக்காரனுக்கு ஒரு பெருமையும் உண்டு. 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அந்த வருஷம் அக்டோபரில் காஞ்சிபுரத்தில் பதிவான சங்கம்தான் இந்தியாவிலேயே பதிவான முதல் நகர்ப்புறக் கூட்டுறவுக் கடன் சங்கம். ஒருத்தரை ஒருத்தர் தெரிந்த ஊர்க்காரர்கள் ஒருத்தரை ஒருத்தர் நம்பிக் கடன் கொடுப்பதுதான் அதன் அடிப்படை. இன்றைக்கும் பட்டும் ஜரிகையும் இங்கே கைக்குக் கை நம்பிக்கையில்தான் போகிறது. 'இன்னார் மகன்' என்றால் போதும். அமெரிக்காவில் 'இன்னார் மகன்' என்று சொல்ல ஆள் கிடையாது. நாமே முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.

முதல் வேலை ஊரிலேயே!

நிறைய பேர் செய்யும் தப்பு, ஊரில் இருக்கும் சேவிங்ஸ் அக்கவுன்ட்டை அப்படியே விட்டுவிட்டு, ஏ.டி.எம். கார்டையும் பின் நம்பரையும் அப்பாவிடம் கொடுத்துவிட்டு ஃப்ளைட் ஏறுவது. பாஸ்... இரண்டுமே தப்பு!

வேலைக்காகவோ, எப்போது திரும்புவோம் என்று தெரியாமலோ வெளிநாடு போகிறவரை 'ஃபெமா' சட்டம் வெளிநாடு வாழ் இந்தியராகவே பார்க்கிறது. மாணவர்களும் இந்தக் கணக்கில்தான் வருவார்கள் என்று 2003 டிசம்பரில் ரிசர்வ் வங்கி தெளிவுபடுத்திவிட்டது. ஆகவே போனதும் பேங்குக்குத் தெரிவித்து, பழைய சேவிங்ஸ் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும்.

இந்த இரண்டு பேரையும் குழப்பிக்கொள்ளாதவர் குறைவு. ஈஸியாக இப்படி ஞாபகம் வையுங்கள்.

என்.ஆர்.ஓ. என்பது இங்கே பிறந்த பணத்துக்கு. வீட்டு வாடகை, பழைய டெபாசிட் வட்டி, எல்.ஐ.சி. பணம் இதில் விழும். இதன் வட்டியில் 30 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். வெளிநாட்டுக்கு எடுத்துப் போக ஒரு நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரம்பு. வரி கட்டின பேப்பரும் வேண்டும்.

என்.ஆர்.இ. என்பது அங்கே பிறந்த பணத்துக்கு. டாலரோ திர்ஹாமோ அனுப்பினால் ரூபாயாக மாறி இதில் நிற்கும். அசல், வட்டி இரண்டையும் தடையில்லாமல் திரும்ப எடுத்துப் போகலாம். வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. 'இந்தியாவில்' என்பதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். வேலைக்குப் போய் அமெரிக்காவில் வரி கட்டுகிறவராக ஆகிவிட்டால், இந்த வட்டியையும் அந்த ஊர்க் கணக்கில் காட்டியாக வேண்டும். வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்தம் வருஷத்தில் ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் அதற்குத் தனியாக ஒரு படிவம் உண்டு.

சரி, அப்பா ஊரில் பணம் எடுக்க என்ன வழி? 'மேண்டேட்' என்று ஒரு கடிதம் பேங்கிலேயே வாங்கிக்கொள்வார்கள். உங்கள் கணக்கில் இருந்து உள்ளூர்ச் செலவுக்கு அப்பா முறைப்படி எடுக்கலாம். யாருடைய பின் நம்பரும் யாருக்கும் தெரியத் தேவையில்லை.

ஆகவே ஊரில் பேங்க் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, 'என்.ஆர்.ஐ. கணக்கை இந்தக் கிளையிலேயே பார்க்கிறார்களா, வெளிநாட்டு நம்பருக்கு ஓ.டி.பி. வருமா, அப்பா நடந்துபோய்க் கேட்கிற தூரமா?' என்பதுதான். விளம்பரத்தில் எந்த நடிகர் வருகிறார் என்பது அல்ல! 2023 ஜனவரியில் இருந்து அமெரிக்கா, சிங்கப்பூர், எமிரேட்ஸ் உள்பட 10 நாட்டு மொபைல் நம்பர்களில் என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்குக்கு யு.பி.ஐ. வைக்க வழி திறந்தது. உங்கள் பேங்க் அதைத் தருகிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

தேய்க்கத் தேய்க்கத் தேயும்!

இப்போது அண்ணனின் முதல் அடி. நம்ம ஊர் கார்டை வெளிநாட்டில் தேய்த்தால், கரன்சி மாற்றுவதற்கென்று பெரும்பாலான கார்டுகளில் 2-ல் இருந்து 3.5 சதவீதம் வரை 'மார்க்கப்' போடுவார்கள். அந்த மார்க்கப் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. எஞ்சினீயரிங் பையன்தானே, கணக்குப் போடுவோம். ஒரு லட்ச ரூபாய்க்குத் தேய்த்தால் 3.5 சதவீதம் என்பது 3,500. அதற்கு ஜி.எஸ்.டி. 630. மொத்தம் 4,130 ரூபாய். ஐந்து லட்சத்துக்கு 20,650. இந்த நம்பரைச் சொன்னதும் பெரியப்பா தறியை நிறுத்திவிட்டார்.

கடையில் மெஷின், 'ரூபாயில் கட்டுறீங்களா, டாலரில் கட்டுறீங்களா?' என்று பாசமாகக் கேட்கும். உருகிவிடாதீர்கள். ரூபாய் என்று அமுக்கினால் மாற்று விகிதத்தை அந்தக் கடைப் பக்கம் முடிவு செய்யும், பெரும்பாலும் உங்களுக்கு நஷ்டமாக. எந்த ஊரில் நிற்கிறீர்களோ அந்த ஊர்ப் பணத்தையே அமுக்குங்கள்.

அப்ப எதைக் கொண்டு போவது? முதல் மாசச் செலவுக்கு ஃபாரெக்ஸ் கார்டு நல்லது. ஏற்றும் அன்றைய விலையிலேயே டாலர் நிற்கும். ஏ.டி.எம். கட்டணம் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். காலேஜ் ஃபீஸை பேங்க் வழியாக நேராக யுனிவர்சிட்டிக்கு அனுப்பலாம். வீட்டில் இருந்து அனுப்ப ஒருத்தருக்கு ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுமதி. இந்தத் திட்டம் 2004-ல் 25,000 டாலரோடு ஆரம்பித்தது! டி.சி.எஸ். என்று முன்கூட்டியே பிடிக்கும் வரி, 2025 ஏப்ரல் விதிப்படி 10 லட்ச ரூபாய் வரை கிடையாது. அங்கீகாரமுள்ள பேங்கில் வாங்கிய படிப்புக் கடனில் இருந்து ஃபீஸ் போனால் அதற்கும் கிடையாது. பிடித்தாலும் வருமான வரிக் கணக்கில் திரும்பக் கேட்கலாம். அப்பா கணக்கில் இருந்து போனால் அப்பாதான் ரிட்டர்ன் போட்டுக் கேட்க வேண்டும்.

இந்திய கிரெடிட் கார்டு ஒன்றை அவசரத்துக்குப் பெட்டியில் வைத்திருங்கள். 2020-ல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, புதுக் கார்டு வெளிநாட்டில் வேலை செய்ய நீங்களே ஆப்பில் 'ஆன்' பண்ண வேண்டும். அதை ஊரிலேயே செய்துவிடுங்கள். அப்புறம் ஓ.டி.பி. இல்லாமல் தவிக்க வேண்டாம்.

அந்த ஊரில் எந்த பேங்க்?

இது நாட்டுக்கு நாடு மாறும்.

அமெரிக்காவில் கேம்பஸை ஒட்டியே பேங்க் இருக்கும். 'கிரெடிட் யூனியன்' என்று உறுப்பினர்களே நடத்தும் சங்கமும் இருக்கும். நம்ம கூட்டுறவு பேங்குக்கு ஒன்றுவிட்ட தம்பி. மாசக் கட்டணம் உண்டா, குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு, இன்டர்நேஷனல் ஸ்டூடன்ட்டுக்கு எஸ்.எஸ்.என். நம்பர் இல்லாமலே பாஸ்போர்ட்டும் ஐ-20-யும் வைத்துக் கணக்குத் திறப்பார்களா, இந்த மூன்றும் கேளுங்கள். பேங்கில் போடும் பணத்துக்கு ஒருவருக்கு ஒரு பேங்கில் 2,50,000 டாலர் வரை அரசு இன்ஷூரன்ஸ் உண்டு. நம்ம ஊரில் 2020 பிப்ரவரியில் இருந்து அது 5 லட்ச ரூபாய்.

ஜெர்மனியில் விசாவுக்கு முன்பே 'பிளாக்டு அக்கவுன்ட்' கேட்பார்கள். 2024 செப்டம்பரில் மாணவர்களுக்கு வருஷத்துக்கு 11,904 யூரோ என்று ஆனது. உங்கள் பணம்தான், ஆனால் மாசம் 992 யூரோ மட்டும்தான் வெளியே வரும். கிளம்பும் நேரத்தில் தொகை மாறியிருக்கிறதா என்று தூதரகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் 2023 பிப்ரவரி 21 அன்று யு.பி.ஐ.யும் அந்த ஊர் 'பேநவ்'வும் கைகோத்தன. சில பேங்க்குகள் வழியாக மொபைல் நம்பர் போட்டே வீட்டுக்குப் பணம் அனுப்பலாம். கிரெடிட் கார்டுதான் கஷ்டம். குறைந்தது வருஷத்துக்கு 30,000 சிங்கப்பூர் டாலர் சம்பளம் வேண்டும். வெளிநாட்டவரிடம் பேங்க்குகள் அதைவிடக் கூடவே கேட்பதுண்டு.

எமிரேட்ஸில் 2009-ல் வந்த சம்பளப் பாதுகாப்புத் திட்டப்படி சம்பளம் அங்கீகாரம் பெற்ற பேங்க் அல்லது எக்ஸ்சேஞ்ச் வழியாக வர வேண்டும். சம்பளக் கணக்கு திறந்த வாரமே 'சார், கிரெடிட் கார்டு?' என்று போன் வரும். யோசித்து வாங்குங்கள். அங்கே கடன் பாக்கி கோர்ட்டுக்குப் போனால் நாட்டை விட்டுக் கிளம்பத் தடை வரைக்கும் வரலாம். ஊருக்கு லீவில் வர ஏர்போர்ட் போனவர் திரும்பி ரூமுக்குப் போவதை நினைத்துப் பாருங்கள்.

கொரியர்கள் என்ன செய்கிறார்கள்?

நம்ம ஊர்ப் பையன் அங்கே போய் முழிப்பது போல, அந்த ஊர்க்காரர் இங்கே வந்தும் முழிப்பார் இல்லையா? எங்கள் மாவட்டத்திலேயே பார்க்கலாம். 1990-களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்ததில் இருந்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரியர்கள் குடும்பத்தோடு வந்து குடியேறினார்கள். பின்னாடியே அவர்கள் ஊர் பேங்க்குகளும் வந்தன. ஷின்ஹான் வங்கிக்கு 'காஞ்சிபுரம்' என்ற பெயரிலேயே ஒரு கிளை. ஊரி வங்கி 2012-ல் சென்னையில் கடை விரித்தது.

நம்ம ஆட்களும் இதைச் செய்தவர்கள்தான். நகரத்தார் தொழில் செய்த பர்மாவை மனசில் வைத்து, 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கி தொடங்கியபோது, ஒரே நாளில் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் கதவு திறந்தது. இந்தியன் வங்கி 1932-ல் கொழும்புக்கும் 1941-ல் சிங்கப்பூருக்கும் போனது. மக்கள் போகும் இடத்துக்கு பேங்க்கும் பின்னாலேயே போகும்.

சொந்த ஊர் பேங்க்கின் வெளிநாட்டுக் கிளை, பணம் அனுப்பவும் நம்ம பாஷையில் பேசவும் வசதிதான். ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் அந்த ஊர்ப் பானையில் உங்கள் ஓலை விழாமலே போகலாம். அந்த ஊர் கிரெடிட் பீரோவுக்குக் கணக்குக் கொடுக்கும் ஒரு பேங்க்கும் கையில் வேண்டும்.

ஓலையில் பேர் எழுதும் வழி

அமெரிக்காவில் எஃப்-1 மாணவருக்கு எஸ்.எஸ்.என். சும்மா கிடைக்காது. கேம்பஸில் பார்ட் டைம் வேலையோ, முறையான வேலை அனுமதியோ வேண்டும். அது வந்ததும் எடுக்க ஏற்ற கார்டு, 'செக்யூர்டு கார்டு'. 300 டாலர் டெபாசிட் போட்டால் 300 டாலர் லிமிட். நம்ம பணத்தை வைத்து நமக்கே கடனா என்று சிரிப்பு வரும். ஆனால் அது கடனுக்காக இல்லை, கணக்குக் காட்டுவதற்காக. அப்ளை பண்ணும் முன், கிரெடிட் பீரோவுக்கு ரிப்போர்ட் பண்ணுவார்களா என்று கேளுங்கள். பண்ணாத கார்டால் ஸ்கோருக்குப் பிரயோஜனமில்லை.

ஃபைகோ ஸ்கோரில் 35 சதவீதம் நேரத்துக்குக் கட்டினீர்களா என்பது. 30 சதவீதம் எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறீர்கள் என்பது. 15 சதவீதம் கணக்கின் வயசு. புதுக் கடன் 10, கடனின் வகை 10. அண்ணன் அடுத்தடுத்து மூன்று இடத்தில் அப்ளை பண்ணினது அந்தப் புதுக் கடன் பகுதியில் போய் இடித்தது. 300 டாலர் லிமிட்டில் 90 டாலருக்குள் செலவு, அதையும் கெடு தேதிக்கு முன் முழுசாகக் கட்டுவது. இதை ஆறு மாசம் செய்தால் ஸ்கோர் பிறக்கும்.

'மினிமம் ட்யூ' என்பது மட்டும் சதி. அதைக் கட்டினால் பேர் கெடாது, ஆனால் மீதிக்கு வட்டி ஓடும். அங்கே வருஷத்துக்கு 20 சதவீதத்தைத் தாண்டுவது சகஜம். நம்ம ஊர் கார்டுகளில் மாசத்துக்கே 3 சதவீதத்துக்கு மேல் போவதுண்டு. கிரெடிட் கார்டில் ஏ.டி.எம்.மில் காசு எடுத்தால், எடுத்த நாளில் இருந்தே வட்டி.

கிளம்பும் வாரத்து லிஸ்ட்

* பேங்க்கில் வெளிநாட்டு முகவரி, மொபைல் நம்பர் மாற்றும் வழி கேட்டாச்சா?
* பழைய சிம்மை உயிரோடு வைக்க ரீசார்ஜ் பொறுப்பு யாருக்கு?
* என்.ஆர்.ஓ., என்.ஆர்.இ. விண்ணப்பம், பான் கார்டு நகல் கையில் இருக்கா?
* அப்பா அல்லது அம்மாவுக்கு மேண்டேட் கொடுத்தாச்சா?
* இரண்டு கார்டு, இரண்டு வெவ்வேறு பேங்க், இரண்டு வெவ்வேறு பையில் இருக்கா?
* வெளிநாட்டு உபயோகம் 'ஆன்' பண்ணியாச்சா?
* படிப்புக் கடன் தவணைத் தேதி வீட்டுக் காலண்டரில் குறித்தாச்சா?

போன மாசம் பெரியப்பா வீட்டில் உட்கார்ந்திருந்தபோது அண்ணன் வீடியோ காலில் வந்தார். படிப்பு முடிந்து வேலையும் கிடைத்துவிட்டது. மாசா மாசம் என்.ஆர்.இ. கணக்குக்கு அனுப்புகிறார், அதில் இருந்து கடன் தவணை தானாகப் போய்விடுகிறது. டெபாசிட் போடாமலே ஒரு கார்டு கொடுத்துவிட்டார்களாம். அந்த 300 டாலரும் திரும்ப வந்துவிட்டதாம்.

பெரியப்பா தறியை விட்டு எழாமலே கேட்டார். 'இப்போ அந்த ஊர்ல உன்னை நம்புறாங்களாப்பா?'

'நம்புறாங்கப்பா.'

'எவ்ளோ?'

'ஐயாயிரம் டாலர் வரைக்கும்.'

பெரியப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். 'அவ்ளோ நம்புறாங்கன்னு அவ்ளோத்தையும் செலவு பண்ணிடாதே' என்று சொல்லிவிட்டு, நாடாவைத் தட்டினார். தறி மறுபடியும் பேச ஆரம்பித்தது.